கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோமா? திருமணங்கள் நிலைப்பதும் முறிவதும் எதனால்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விடமாட்டார்கள். நடப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி, கரும்பாறைகளைப் பார்த்தபடி ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவி சொல்கிறார்: "என்னங்க, அங்க பாருங்க, அந்த ஒரு படகு மட்டும் தனியா நிக்குது."

கணவர் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். தலையைத் தூக்கிப் பார்த்து, "ஆமா, இந்நேரத்துல எதுக்கு நிக்குது?" என்று கேட்கலாம். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்று சொல்லலாம். அதைக்கூடச் சொல்லாமல் இருக்கலாம். இல்லாவிட்டால், "படகைப் பாக்கவா வந்தோம்? கொஞ்சம் சும்மா இரேன்" என்று சிடுசிடுக்கலாம்.

அந்த மனைவிக்குப் படகைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. தான் பார்ப்பதைத் தன் பக்கத்தில் இருப்பவரும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கவனத்தையோ பரிவையோ துணையையோ கேட்டு ஒருவர் மற்றவரிடம் செய்யும் இப்படிப்பட்ட சின்ன முயற்சியை இந்தக் கட்டுரையில் 'அழைப்பு' என்று சொல்கிறேன். முதல் வகைக் கணவர் அழைப்பின் பக்கம் திரும்பினார். இரண்டாம் வகை விலகிக்கொண்டது. மூன்றாம் வகை எரிந்து விழுந்தது. ஒரு திருமணம் ஏன் நிலைக்கிறது, ஏன் முறிகிறது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது இந்த ஒன்றைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். மற்ற எல்லாம் இதன்மேல்தான் வந்து உட்காருகின்றன.

இதை வகுத்துச் சொன்னவர் ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். முதலில் கணிதம் படித்துவிட்டுப் பிறகு உளவியலுக்கு வந்தவர். 1970களிலிருந்து ராபர்ட் லெவன்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, கணவன் மனைவியை எதிரெதிரே உட்காரவைத்து, அவர்களுக்குள் தீராமல் இருக்கும் ஒரு விஷயத்தைப் பேசச் சொன்னார். பேசும்போது முகத்தைப் படம் பிடித்தார்கள். இதயத் துடிப்பை அளந்தார்கள். பிறகு சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சமையலறையும் சோபாவும் ஜன்னலும் உள்ள ஒரு சின்ன வீட்டைப் போலவே ஆய்வுக்கூடம் அமைத்தார். புதிதாகத் திருமணமான 130 ஜோடிகள் அங்கே வந்து ஒரு நாள் தங்கினார்கள். சமைத்தார்கள், டிவி பார்த்தார்கள், ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். பகல் முழுக்கக் கேமரா ஓடியது. 6 வருடம் கழித்து யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள்.

சேர்ந்திருந்தவர்கள் அந்த ஒரு நாளில், துணையின் அழைப்புகளில் 100க்கு 86க்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்துவிட்டவர்கள் 100க்கு 33க்குத்தான் திரும்பியிருந்தார்கள். இதில் 86 என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். நன்றாக வாழ்கிறவர்களும் 14 தடவை கவனிக்காமல் விடத்தான் செய்கிறார்கள். வேலைக் களைப்பில் ஒரு நாள் "ம்" என்று சொன்னதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எதிர்த்துப் பேசுவதுதானே கெடுதல், பேசாமல் இருப்பதில் என்ன தப்பு என்று பலருக்கும் தோன்றும். ஆனால் சண்டை போடுகிறவரிடம் குறைந்தபட்சம் பதிலுக்குப் பேச முடியும். பதிலே வராத வீட்டில் என்ன நடக்கிறது என்றால், கொஞ்ச நாளில் கூப்பிடுவதே நின்றுவிடுகிறது. படகைக் காட்டிய அந்த மனைவி பத்து முறை "ம்" கேட்டபின் பதினோராவது முறை படகைத் தானே பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் அது அமைதியான குடும்பம். "அவங்களுக்குள்ள சண்டையே வராது" என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் தனியாக வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

நம் பக்கத்து வீடுகளில் இந்த அழைப்பு பெரும்பாலும் மாறுவேடத்தில்தான் வரும். கடலூர்ப் பக்கம் மஞ்சக்குப்பத்திலோ நெல்லிக்குப்பத்திலோ மாமனார், மாமியார், கொழுந்தனார் எல்லாரும் இருக்கிற வீட்டில் ஒரு பெண் கூடத்தில் நின்றுகொண்டு, "எனக்கு மனசு சரியில்ல, கொஞ்சம் பக்கத்துல உட்காருங்க" என்று கணவரிடம் சொல்ல முடியாது. அவர் சொல்வது, "இன்னிக்கு பஸ்ல ஒரே கூட்டம், கால் வைக்க இடம் இல்ல." இதற்கு "அரை மணி முன்னாடி கெளம்ப வேண்டியதுதானே?" என்று அறிவுரை சொன்னால் அழைப்பு தவறிப்போகிறது. "நின்னுக்கிட்டேவா வந்த? சரி உட்காரு, தண்ணி கொண்டு வரேன்" என்றால் போதும். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற கணவர், "இந்த வாரமும் நைட்டுதான் போட்டிருக்கான்" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வதும் அழைப்புதான். தூங்கவில்லை, அலுத்துப்போயிருக்கிறேன், அதை நீயாவது கவனி என்கிறார்.

குறை சொல்லும் வடிவில் வருகிற அழைப்புதான் கண்டுபிடிக்கக் கடினமானது. "நீங்க எங்க வீட்டுல இருக்கீங்க, எப்பப் பார்த்தாலும் பிரண்ட்ஸோடதான்" என்று மனைவி சொன்னால் கணவரின் காதில் குற்றச்சாட்டு மட்டும்தான் விழும். அதற்குள்ளே, உங்களோடு இருக்க ஆசையாக இருக்கிறது என்ற ஒன்று கிடக்கிறது. அதை எடுத்து, "ஞாயித்துக்கிழமை சில்வர் பீச் போலாமா?" என்று கேட்கிற கணவரும் உண்டு, "ஆமா, இங்க இருந்தா இந்தப் பேச்சுதானே கேக்கணும்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரும் உண்டு. கேட்கிறவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்பது உண்மைதான். கூப்பிடுகிறவருக்கும் பொறுப்பு இருக்கிறது. இரவு விளக்கை அணைத்தபிறகு தனியாகப் பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்திலாவது, வேண்டியதை வேண்டியபடியே நேராகக் கேட்டுப் பழகுவது நல்லது.

சரி, காதலித்துக் கல்யாணம் செய்தால் இந்தப் பிரச்சினை இருக்காதா? பெரியவர்கள் பார்த்து வைத்தால்தான் நிலைக்குமா? நம் ஊரில் இந்த விவாதம் ஓயாது. ஜெய்ப்பூரில் 50 ஜோடிகளிடம் செய்து 1982-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், காதல் திருமணங்களில் அன்பு ஆரம்பத்தில் அதிகமாகவும் வருடங்கள் போகப் போகக் குறைவாகவும், ஏற்பாட்டுத் திருமணங்களில் அதற்கு நேர்மாறாகவும் இருந்தது. ஏற்பாட்டுத் திருமணத்தை ஆதரிப்பவர்கள் இதை விடாமல் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அமெரிக்காவில் வாழும் இந்தியத் தம்பதிகளிடம் 2012-இல் வெளியான இன்னொரு ஆய்வில் இரண்டு வகையினருக்கும் நடுவில் குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைவிடச் சேர்ந்தபின் தினமும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் ஒரே காலையில் நூற்றுக்கும் மேல் தாலி ஏறும். அதில் வீட்டார் சம்மதித்த காதல் ஜோடியும் இருக்கும், பெண் பார்க்கும்போது ஒரே ஒரு முறை பேசிய ஜோடியும் இருக்கும். மறுநாள் காலையிலிருந்து இரண்டு ஜோடிக்கும் வேலை ஒன்றுதான்.

டெட் ஹூஸ்டன் என்ற ஆய்வாளர் செய்த ஒரு வேலை இந்த இடத்தில் பொருத்தமாக இருக்கும். 1981-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் திருமணமான 168 ஜோடிகளை அவர் 13 வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். ஆரம்பத்திலேயே ஓயாமல் சண்டை போட்டவர்கள்தான் பிரிந்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். அவருக்குத் துலங்கியது வேறு: முதல் இரண்டு வருடங்களில் பாசமும் நெருக்கமும் எவ்வளவு வேகமாகக் குறைந்தன என்பதுதான் பின்னால் வந்த பிரிவோடு கூடுதலாகப் பொருந்தியது. 7 வருடம் கழித்துப் பிரிந்தவர்களில் பலர், புதுமணத் தம்பதிகளாக இருந்தபோது மற்றவர்களைவிடக் கொஞ்சிக் குலாவியவர்கள். அந்த உச்சத்திலேயே எப்போதும் நிற்க முடியாது. இறங்கும்போது, இந்தச் சின்னத் திரும்பிப் பார்த்தல்களும் கூடவே இறங்கிப்போனதுதான் சிக்கல்.

இனிச் சண்டைக்கு வருவோம், ஏனென்றால் திருமணம் என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். காட்மனின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் ஆறுதலாகப் பட்ட எண் 69. தம்பதிகளுக்குள் வரும் கருத்து வேறுபாடுகளில் 69 விழுக்காடு தீராதவை. இன்று பேசியதையே நாலு வருடம் கழித்து வரவழைத்துப் பேசச் சொன்னாலும் அதே விஷயத்தையே பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்குச் சேமிக்க வேண்டும், மற்றவருக்குச் செலவழிக்க வேண்டும். ஒருவருக்குச் சென்னைக்கு மாறினால் சம்பளம் கூடும், மற்றவருக்குக் கடலூரில் இருக்கும் வயதான அப்பா அம்மாவை விட்டுப் போக மனமில்லை. தம்பிக்குக் கொடுத்த பணம், தீபாவளி யார் வீட்டில், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது. நன்றாக வாழ்கிற ஜோடிகளும் இவற்றைத் தீர்த்துவிடுவதில்லை. தீராத ஒன்றை வைத்துக்கொண்டே, ஒருவரை ஒருவர் காயப்படுத்தாமல் அதைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் சண்டை எப்படித் தொடங்குகிறது என்பது முக்கியமாகிறது. 124 புதுமண ஜோடிகளின் வாக்குவாதங்களை வைத்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, பேச்சின் முதல் 3 நிமிடத்திலேயே பின்னாளில் பிரிந்தவர்களும் சேர்ந்திருந்தவர்களும் வேறுபட்டுத் தெரிந்தார்கள் என்று காட்டியது. "இந்த மாசம் கரண்ட் பில் கட்டல, எனக்குக் கவலையா இருக்கு" என்று தொடங்கினால் பேச்சு பில்லைப் பற்றி இருக்கும். "உங்களுக்கு எப்பவுமே பொறுப்பு கிடையாது" என்று தொடங்கினால் அந்த ஆளைப் பற்றியே மாறிவிடுகிறது. அவர் உடனே, "நீ மட்டும் ஒழுங்கா? போன மாசம் யாரு மறந்தது?" என்று தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பார். பில் அப்படியே கிடக்கும்.

ஆளைக் குறை சொல்வது, பதிலுக்குத் தற்காத்துக்கொள்வது, இளக்காரம், பேச்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது: இந்த நான்கும் ஒரு வீட்டில் வழக்கமாகிவிட்டால் அந்தத் திருமணம் ஆபத்தில் இருக்கிறது என்கிறார் காட்மன். நான்கிலும் மோசமானது இளக்காரம். எதிரில் இருப்பவர் தன்னைவிடக் கீழானவர் என்று காட்டும் எல்லாமே இதில் சேரும். உதட்டைச் சுழிப்பது, கண்ணை உருட்டுவது, பேசுகிற மாதிரியே பேசிக்காட்டுவது. சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து, "இவளுக்கு என்ன தெரியும்?" என்று சிரிப்பது. "ஒரு மாசச் சம்பளத்துக்கு ஒரு சேலை எடுக்கத் துப்பில்ல" என்று பிள்ளைகள் காதுபடச் சொல்வது.

நம் பக்கம் இளக்காரம் பெரும்பாலும் பிறந்த வீட்டின் மேல்தான் பாயும். "உங்க வீட்டுல என்ன செஞ்சு அனுப்பிட்டாங்க?" என்ற ஒரு வரியைக் கேட்காத மருமகள்கள் குறைவு. சீர், நகை, கல்யாணச் சாப்பாட்டில் நடந்த குறை, தாய்மாமன் மரியாதை, நிறம், படிப்பு, சாதி மாறிய திருமணமாக இருந்தால் அதுவும். பத்து வருடம் கழித்துக்கூட இவை வெளியே எடுக்கப்படும். கோபத்தில் சொன்னதுதானே, மறந்துவிடு என்பார்கள். கோபத்தில் குரல் உயர்வது வேறு. ஒருவருடைய அப்பா அம்மாவை, அவர் வந்த இடத்தைத் தாழ்த்துவது வேறு. அதைக் கேட்டவர் மறப்பதில்லை. இதில் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் இல்லை. மாப்பிள்ளையின் சம்பளத்தை மாமியார் வீட்டில் ஒப்பிட்டுப் பேசுவதும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. ஒரு குடும்பம் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் விட முடியும் என்றால், இதை விடச் சொல்வேன்.

நாலாவதாகச் சொன்ன, பேச்சை அடைத்துக்கொள்வதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. மனைவி பேசிக்கொண்டே இருக்க, கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆய்வுகளில் இப்படி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். திமிர் என்று மனைவி நினைப்பார். ஆனால் உடம்பில் ஒட்டியிருந்த கருவிகள் வேறு கதை சொல்லின. இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையில் மனிதனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, நியாயம் புரிவதில்லை. ஓடுவதற்கோ அடிப்பதற்கோதான் உடம்பு தயாராகிறது. அப்போது பேசித் தீர்க்க நினைப்பது வீண். குறைந்தது 20 நிமிடம் ஆகும், உடம்பு பழைய நிலைமைக்கு வர. அந்த 20 நிமிடமும், "அவ எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் பலன் இல்லை. மாடியில் நடக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

ஆனால் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும்: "இப்ப என்னால பேச முடியல. அரை மணி நேரம் கழிச்சு வந்து பேசறேன்." சொன்னபடி வந்து பேசவும் வேண்டும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாலு நாள் பிள்ளை மூலமாகவே "அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்று பேசிக்கொள்வது ஓய்வு இல்லை, தண்டனை. பேசச் சொல்லித் துரத்துவதும் பேசாமல் நழுவுவதும் ஒன்றையொன்று வளர்க்கும். துரத்தத் துரத்த நழுவுவார், நழுவ நழுவத் துரத்துவார். இரண்டு பேருமே, மற்றவர்தான் ஆரம்பித்தார் என்று சத்தியம் செய்வார்கள். யாருக்கு மாற்றம் வேண்டுமோ அவர் துரத்துகிறார், இருப்பதே வசதியாக இருப்பவர் நழுவுகிறார் என்று பார்த்தால் இது விளங்கும்.

சண்டைக்கு நடுவில் சமாதானத்துக்கு ஒரு கை நீளும். இதையும் ஒருவகை அழைப்பு என்றே சொல்லலாம். நம் ஊரில் அது பெரும்பாலும் சாப்பாட்டின் வழியாக வரும். வாக்குவாதம் பாதியில் நிற்கும், அப்புறம் ஒரு டம்ளர் காபி "ணங்" என்று மேசைமேல் வைக்கப்படும். "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து, முகம் காட்டாமல் வரும். கணவர் கேட்காமலே போய்ச் சிலிண்டர் மாற்றிக்கொடுப்பார். மன்னிப்பு என்ற வார்த்தையே இல்லாத சமாதானங்கள் இவை. எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் காபியைக் குடித்துவிடுவார்கள். "உன் காபி யாருக்கு வேணும்?" என்று தள்ளிவிட்டால், அடுத்த முறை அந்தக் கை நீளத் தயங்கும்.

காபி எடுத்துக்கொள்ளப்படுமா என்பது அன்றைய சண்டையால் மட்டும் தீர்மானமாவதில்லை. நம் வீட்டுப் பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைக்கும் சிறுவாட்டுப் பணம் எப்படியோ, அப்படித்தான் சாதாரண நாட்களில் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே வருகிறது. நெருக்கடி வரும்போது எடுத்துச் செலவழிக்கலாம். நிலைத்த திருமணங்களில் வாக்குவாதத்தின் நடுவிலேகூட, ஒரு கசப்பான செய்கைக்கு ஐந்து இதமான செய்கைகள் இருந்தன என்று காட்மனும் லெவன்சனும் எண்ணிக் கண்டார்கள். இதமான செய்கை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை: தலையை ஆட்டிக் கேட்பது, "நீ சொல்றதும் சரிதான்" என்பது, ஒரு சின்னச் சிரிப்பு, தோளைத் தொடுவது. சேமிப்பே இல்லாத வீட்டில் ஒருவர் சொல்லும் சாதாரண வார்த்தைக்கும் உள்ளர்த்தம் தேடப்படும்.

வீட்டுக்குள் நடப்பதை மட்டும் சொல்லிவிட்டு வெளியிலிருந்து வரும் அடியைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். பெஞ்சமின் கார்னி, தாமஸ் பிராட்பரி என்ற இருவர் 1995-இல், அதுவரை வெளியான 115 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தார்கள். 45,000க்கும் மேற்பட்ட திருமணங்கள் அவற்றுக்குள் அடங்கும். அவர்கள் சொன்னது எளிமையானது: ஒவ்வொருவரும் கொண்டுவரும் பலவீனங்கள், வெளியிலிருந்து வரும் நெருக்கடிகள், அவற்றை இருவரும் சேர்ந்து சமாளிக்கும் விதம், இந்த மூன்றும் கலந்துதான் திருமணத்தின் போக்கு அமைகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. தலைமுறையாகச் சோறு போட்ட தோப்பு ஒரே காலையில் போய்விட்ட குடும்பத்தில், "மென்மையாகப் பேசுங்கள்" என்ற அறிவுரை மட்டும் எவ்வளவு தூரம் உதவும்? கடன்காரர் வாசலில் நிற்கும்போது நல்ல கணவரும் எரிந்து விழுவார், பொறுமையான மனைவியும் குத்திப் பேசுவார். நெருக்கடியில் இருக்கும் ஜோடி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதிரி கடன்தான், பக்கத்தில் படுத்திருப்பவர் இல்லை என்பது. குடி இதில் தனி வகை. அது நெருக்கடியால் வந்ததாக இருந்தாலும், வந்தபிறகு நோயாகவே நடந்துகொள்ளும். அதற்கு மருத்துவம்தான் வேண்டும், மனைவியின் பொறுமை இல்லை.

வேலைக்காக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன கணவர்களின் வீடுகள் நம் கடலூர் மாவட்டத்தில் நிறைய. அங்கே அழைப்பு வீடியோ காலில் நடக்கிறது. பேச்சு முழுக்கப் பணம் வந்ததா, நகையை மீட்டாயா, பிள்ளை மார்க் என்ன என்று கணக்காகவே போய்விடும். கணக்குப் பேசத்தான் வேண்டும். அதை ஒரு நாளைக்கு வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் மழை பெய்ததையும், கெடிலம் ஆற்றில் தண்ணீர் போவதையும், அந்த ஊர் அறையில் இன்று யார் சமைத்தார்கள் என்பதையும் பேசினால் நல்லது. வெட்டிப் பேச்சு மாதிரி தெரிவதுதான் அங்கே முக்கியமான பேச்சு.

இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்? பெரும்பாலும் அமெரிக்கத் தம்பதிகளிடம் செய்தவை. மாமியாரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் அவற்றில் அரிது. கால் மணி நேரம் பார்த்தால் போதும், யார் விவாகரத்து செய்வார்கள் என்று 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் பிரிந்தார்கள் என்பது தெரிந்தபிறகு, அதே தகவலுக்குப் பொருந்துமாறு அமைத்த சூத்திரத்தின் துல்லியம் அது. இப்படிச் செய்யும் சூத்திரத்தைப் புதிய ஆட்களிடம் போட்டுப் பார்த்தால் துல்லியம் குறைந்துவிடுகிறது என்று ஹேமன், ஸ்லெப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். ஆகவே எந்த ஜோடியையும் பார்த்து "இது தேறாது" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எந்தப் பழக்கம் உறவுக்கு உதவுகிறது, எது கெடுக்கிறது என்பதற்கு இவை நல்ல வழிகாட்டி. அந்த அளவில் வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலைத்தது என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவாகரத்து ஆனவர்களைவிட, சட்டப்படி பிரியாமல் தனித்தனியாக வாழ்கிறவர்கள் நாட்டில் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிறவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் நிலைத்த திருமணத்தை வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடி விழுகிற வீட்டுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. அடிக்கிறவரிடம் மென்மையாகப் பேச்சைத் தொடங்கச் சொல்வதும், அவருடைய அழைப்பின் பக்கம் திரும்பச் சொல்வதும் ஆபத்தான அறிவுரை. "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பெற்றோர் இதைத் தயவுசெய்து மறுபடி யோசிக்க வேண்டும். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. ஓயாமல் இழிவுபடுத்துவதையும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. அந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் பெண்ணுக்குத் தருகிறது. 181 என்ற எண்ணைக் கூப்பிட்டால் பெண்களுக்கான உதவி மையம் எடுக்கும்.

அடி இல்லை, ஆனால் வெகுநாளாக ஒருவர் மட்டுமே கூப்பிட்டுக்கொண்டு மற்றவர் திரும்பாமலே இருக்கிறார் என்றால், முதலில் அதையே ஒரு முறை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்: "நான் பேசறப்ப நீங்க கவனிக்கறதில்ல, எனக்குத் தனியா இருக்கற மாதிரி இருக்கு." பலருக்குத் தாம் திரும்பாமல் இருப்பது நிஜமாகவே தெரியாது. இருவருக்கும் பொதுவான, யாருடைய அம்மாவாகவும் அண்ணனாகவும் இல்லாத ஒருவரின் உதவி அடுத்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் பிரச்சினை என்றதும் இரண்டு பக்கச் சொந்தங்களும் கூடத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசத் தொடங்குவார்கள். யார் குடும்பம் பெரிது என்பதில்தான் அது முடியும். சொந்தங்கள் கேட்ட குறை, அந்த இருவரும் சமாதானமான பிறகும் சொந்தங்களின் மனசில் கிடக்கும். பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அந்தத் தொல்லை இல்லை. பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு வழிகாட்டுவார்கள். 1984-ஆம் வருடத்துச் சட்டப்படி அமைந்த குடும்ப நல நீதிமன்றங்களிலும், வழக்கு என்று போனவர்களை முதலில் ஆலோசகரிடம்தான் அனுப்புவார்கள். பெரும்பாலான ஜோடிகள் அங்கே வந்து சேரும்போது பேச்சு நின்றே வருடக்கணக்கில் ஆகியிருக்கும். கூப்பிடுவது இன்னும் முழுசாக நிற்காமல் இருக்கும்போதே, யாராவது ஒருவர் இன்னும் படகைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே போவது எவ்வளவோ சுலபம்.